வற்றிய அறக்கடல்

பெங்களூரு நகர ரயில் நிலையத்தின் வடபுறத்தில், இருப்புப் பாதையை ஒட்டி அமைந்துள்ளது ஒக்கலிபுரம். ரயிலும் ஆலைகளும் அளித்த வேலையை நம்பிப் பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன. விடியற்காலையில் அங்கிருந்து வேலைக்குப் புறப்படும் ஒருவர், ரயில் பாலத்தைக் கடந்து சற்று நடந்தால், மக்கள் 'மெஜஸ்டிக்' என்று அழைக்கும் கெம்பேகௌடா பேருந்து நிலையத்தை அடைகிறார். கூட்டம் அலைமோதும் அந்த இடத்தில் பேருந்தைத் தேடி விரையும் அவருக்கு, தாம் நிற்பது ஓர் ஏரியின் நடுவில் என்பது தெரிய வாய்ப்பில்லை.

அந்த ஏரியின் பெயர் தர்மாம்புதி. அம்புதி என்றால் கடல். தர்மாம்புதி என்றால் அறக்கடல். 1537ஆம் ஆண்டில் பெங்களூருக்குக் கோட்டை அமைத்த முதலாம் கெம்பேகௌடர் நகர மக்களின் குடிநீருக்காக இதை வெட்டுவித்தார் என்பது மரபு. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத ஒரு மேட்டு நிலத்தில், மழைநீரைத் தேக்கி அதற்குக் கடல் என்று பெயரிட்டார்கள். 'அறக்கடல்' என்ற அடைமொழியையும் சேர்த்தார்கள். அந்த அடைமொழி வெறும் அலங்காரமா, அல்லது அதற்குள் ஒரு வாழ்க்கை நெறி அடங்கியுள்ளதா என்பது சிந்தனைக்குரியது.

இன்று அந்த ஏரி இல்லை. அதை அழித்தவர் இன்னார் என்று சுட்டிக்காட்டவும் இயலவில்லை. இங்குதான் ஒரு கடினமான அறக்கேள்வி எழுகிறது. எல்லோருக்கும் உரியதாயிருந்த ஒரு பொருள் அழிந்துவிட்டது. அழித்தவர் எவரும் இன்று உயிரோடில்லை. அந்த அழிவால் கிடைத்த வசதியை மட்டும் இன்றுள்ள அனைவரும் அனுபவிக்கிறார்கள். தான் செய்யாத ஒரு செயலுக்கு மனிதன் பொறுப்பாளி ஆவானா?

ஏரி என்னும் வேள்வி

இக்கேள்விக்கு விடை தேடுமுன், ஏரி என்பது என்ன என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். பெங்களூரு ஒரு மேட்டு முதுகின்மேல் அமர்ந்த ஊர். அதன் மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி ஆற்றில் சேர்ந்து, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடைகிறது. கிழக்குச் சரிவில் விழும் மழை பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. சரிவுகளின் குறுக்கே கரையெழுப்பி, ஒரு ஏரி நிரம்பியதும் அதன் மிகுநீர் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி அடுத்த ஏரியில் சேருமாறு முன்னோர் அமைத்தனர். அந்தக் கால்வாய்களைக் கன்னடத்தில் ராஜகாலுவை என்பார்கள்.

இந்த அமைப்பில் உள்ள ஒழுங்கு கவனிக்கத்தக்கது. எந்த ஏரியும் தனக்கென வாழவில்லை. மேலேயுள்ள ஏரி கொடுத்ததை வாங்கி, தன் தேவைக்கு நிறுத்திக்கொண்டு, மிகுந்ததைக் கீழேயுள்ள ஏரிக்குக் கொடுத்தது. மேலூரார் கலங்கலை உயர்த்தினால் கீழூர் காயும். கீழூரார் கால்வாயை அடைத்தால் மேலூர் மூழ்கும். எனவே ஒவ்வோர் ஊரின் நலமும் அடுத்த ஊரின் நேர்மையைச் சார்ந்திருந்தது. பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் விளக்கும் வேள்விச் சக்கரமும் இத்தகையதே: பெறுவதும் கொடுப்பதும் ஒன்றையொன்று தொடர்ந்து சுழலும் வரையில்தான் உலகம் நடக்கிறது. அந்தத் தத்துவத்தை ஏட்டில் படித்தறியாத உழவர்களும் மண்ணில் கரை கட்டி வாழ்ந்து காட்டினார்கள்.

ஏரியைக் காப்பதற்கும் முறைகள் இருந்தன. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் குழுக்களுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அதன் உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கன்னட நாட்டில், ஏரி வெட்டியவருக்கும் அதைப் பராமரித்தவருக்கும் 'பிட்டுவட்ட' என்ற பெயரில் நிலம் விடப்பட்டது. மதகைத் திறந்து வயலுக்கு நீர் பகிர்ந்த பணியாளரை அங்கு நீர்கண்டி என்றும், தமிழகத்தில் நீர்க்கட்டி என்றும் அழைத்தனர். கோடையில் வண்டல் அள்ளுவதும் கரையைப் பலப்படுத்துவதும் ஊர்மக்களின் கடமையாயிருந்தன. தமிழகத்தில் அதற்குக் குடிமராமத்து என்று பெயர். இம்முறைகளில் சாதி வேற்றுமையும் கட்டாய உழைப்பும் கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. உழைத்தவர் அனைவருக்கும் நீர் சமமாகக் கிடைத்துவிடவும் இல்லை. ஆயினும் நீர் என்பது பராமரித்தால்தான் நிலைக்கும் என்ற அறிவு ஊர் முழுவதற்கும் பொதுவாயிருந்தது.

கொடுத்தபின் எவருக்கும் சொந்தமில்லை

சாஸ்திரங்கள் நற்செயல்களை இஷ்டம், பூர்த்தம் என இருவகையாகப் பிரிக்கின்றன. வேள்வி முதலியவை இஷ்டம். கிணறு, குளம், ஏரி வெட்டுதல், சோலை அமைத்தல், அன்னமிடுதல், ஆலயம் எழுப்புதல் ஆகியவை பூர்த்தம். பூர்த்தம் என்ற சொல்லுக்கு நிறைத்தல் என்ற பொருளும் உண்டு. வெறுமையாய்க் கிடக்கும் இடத்தைப் பிறர் பயனுக்காக நிறைப்பதே அந்த தர்மம்.

குளம் வெட்டி முடித்ததும் உத்ஸர்க்கம் என்றொரு சடங்கு செய்வது மரபு. உத்ஸர்க்கம் என்றால் விட்டுவிடுதல். வெட்டியவன், "இது என்னுடையது" என்ற உரிமையைத் துறந்து, நீரை எல்லா உயிர்களுக்கும் அர்ப்பணிக்கிறான். மனிதர்களுக்கு மட்டுமன்று; ஆடு மாடுகளுக்கும், பறவைகளுக்கும், மீன்களுக்கும் சேர்த்தே அந்த அர்ப்பணம். அதன்பின் அவனும் பலருள் ஒருவனாக அந்த நீரை அள்ளிக் குடிக்கலாம். உடைமையாளனாக நின்று அதை விற்கவோ மறுக்கவோ அவனுக்கு உரிமையில்லை.

இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட ஐவகை வேள்விகளையும் ஓர் ஏரி தாங்கி நின்றதை எண்ணிப் பார்க்கலாம். அதன் நீர் கோயிலுக்குத் தீர்த்தமாயிற்று. அதன் படித்துறையில் அமர்ந்து வேதம் ஓதினர். பித்ருக்களுக்கு எள்ளும் நீரும் இறைத்தனர். வழிப்போக்கன் தாகம் தீர்த்தான். பிற உயிர்கள் பிழைத்தன. ஏரியின் பெயருக்கு முன் 'தர்ம' என்று சேர்த்தவர்கள் அறியாமல் சேர்க்கவில்லை.

தற்கால நீதிமன்றங்களும் வேறு வழியில் இதே கருத்தை வந்தடைந்துள்ளன. 1996இல் கமல்நாத் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் பொது நம்பிக்கைக் கோட்பாட்டை ஏற்றது. ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றுக்கு அரசு உடைமையாளர் அல்ல. மக்கள் சார்பில் அவற்றைக் காக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்பது அதன் சாரம். 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில், குளம் குட்டைகளைச் சமுதாயத்தின் பொதுச் செல்வமாகக் காக்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் வலியுறுத்தியது. உத்ஸர்க்கம் என்ற சொல்லை அத்தீர்ப்புகள் அறியாதிருக்கலாம். அதன் பொருளை அறிந்தே உள்ளன.

பகைவன் இல்லாத அழிவு

அப்படியானால் தர்மாம்புதியை அழித்த அதர்மி யார்? வரலாற்றைப் புரட்டினால் வியப்பே மிஞ்சுகிறது. அதன் அழிவு ஒரு நற்செயலிலிருந்து தொடங்கியது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெங்களூரு வளர்ந்துகொண்டிருந்தது. ஊருக்குள் இருந்த ஏரிகளில் கழிவு கலந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் அவை வற்றின. அப்போது மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். ஒக்கலிபுரத்தை அடுத்துள்ள சேஷாத்ரிபுரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் காலத்தில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் மூலம் நகருக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் உருவாகி, 1896இல் பயனுக்கு வந்தது. தூய குடிநீர் வீதிக்கு வந்தது எத்தனையோ குடும்பங்களை நோயிலிருந்து காத்தது. இதைக் குறைகூற எந்த நியாயமும் இல்லை.

ஆனால் அத்துடன் இன்னொன்றும் நிகழ்ந்தது. குழாயில் நீர் வந்ததும் ஏரியைப் பார்க்க வேண்டிய தேவை நின்றது. தேவை நின்றதும் வண்டல் அள்ளுவது நின்றது. வரத்துக் கால்வாயின் மேல் வீடு எழுந்தபோது கேட்பாரில்லை. தர்மாம்புதி மெல்ல வற்றியது. வற்றிய படுகை கண்காட்சிகளுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் மைதானமாயிற்று. 1960களில் அங்கு பேருந்து நிலையம் எழுந்தபோது, அங்கே அழிப்பதற்கு ஏரி என்று ஒன்று இருக்கவில்லை. நினைவு மட்டுமே இருந்தது. ஏரியோரத்தில் காவல் தெய்வமாக வழிபடப்பட்ட அண்ணம்மா தேவி இன்றும் அங்கே கோயில் கொண்டிருக்கிறாள். அவள் காத்த நீர் இல்லை.

மற்ற ஏரிகளின் கதையும் ஏறத்தாழ இதுவே. சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாயிற்று. கோரமங்களா ஏரிப்படுகையில் 1997ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான குடியிருப்பு எழுந்தது. ஒக்கலிபுரத்தின் அருகிலேயே இருந்த ஜக்கராயன கெரே என்ற ஏரி, பெயரில் ஏரியையும் உருவில் மைதானத்தையும் கொண்டு நிற்கிறது. 1986இல் லட்சுமண ராவ் குழு நகர வளர்ச்சி எல்லைக்குள் கணக்கெடுத்த 127 ஏரிகளில் 46 ஏற்கெனவே பயனற்றுப் போயிருந்தன. தமிழகமும் விலக்கன்று. சென்னையின் தியாகராய நகர், 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான குடியிருப்பு என்பதை அங்கு புடவை வாங்கச் செல்லும் எத்தனை பேர் அறிவர்?

நகருக்கு நீர் வரும் தொலைவும் நீண்டுகொண்டே போயிற்று. ஹெசரகட்டா போதாமல் 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. அதுவும் போதாமல் 1974 முதல் காவிரி நீர் வந்தது. காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று நிலைகளில் நீரை ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். வாசலில் விழும் மழையைக் கழிவுக் கால்வாயில் விட்டுவிட்டு, தொலைவிலுள்ள நதியை மின்சாரம் கொண்டு மேலே இழுக்கும் வாழ்க்கை இது.

நீர் மறப்பதில்லை

மனிதர் மறந்தாலும் நீர் தன் வழியை மறப்பதில்லை. 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் பெள்ளந்தூரைச் சுற்றியுள்ள பகுதிகள் மூழ்கின. கோடிக்கணக்கில் விலைபோன மாளிகைகளிலிருந்து மக்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றி மீட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 2024இன் கோடையில், அதே நகரம் ஒரு குடம் நீருக்குத் தவித்தது. அரசு வெளியிட்ட கணக்கின்படி, நகரின் பொது ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ பாதி வறண்டுபோயிருந்தன. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிர்த் துன்பங்களாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. மழையை ஏந்திக்கொள்ளும் பாத்திரம் உடைந்த வீட்டில், மழைக்காலத்தில் தரை நனையும். கோடையில் தொண்டை காயும்.

நகரத்தோடு இத்துன்பம் முடிந்துவிடவில்லை. 2017 பிப்ரவரியில் பெள்ளந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்தது; 2018 ஜனவரியில் மீண்டும் எரிந்தது. கழிவுநீரும் சலவைத்தூளின் வேதிப்பொருள்களும் சேர்ந்து எழுப்பிய வெண்ணுரை சாலைவரை பறந்து வந்தது. அந்த நீரே வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. ஒக்கலிபுரத்துச் சாக்கடை மறுபுறம் விருஷபாவதியில் இறங்குகிறது. பசவனகுடியில் நந்தியின் திருவடியில் தோன்றியதாகப் போற்றப்படும் அந்த ஆறு, இன்று நகரின் கழிவைச் சுமந்து பைரமங்களா ஏரியில் தேங்கி, அர்க்காவதியோடு காவிரியை நோக்கிச் செல்கிறது. மலைமேல் இருக்கும் நகரவாசிக்குக் கடற்கரையோடு தொடர்பில்லை என்று தோன்றலாம். அவன் சமையலறையில் ஊற்றும் நீருக்கு அந்த எண்ணம் இல்லை. கழிமுகத்தில் வலைவீசும் மீனவனின் தொழிலும், அணைநீரை நம்பி நாற்று நடும் உழத்தியின் உடல்நலமும், அவள் பார்த்தறியாத ஒருவரின் குளியலறையோடு பிணைக்கப்பட்டுள்ளன.

குற்றமும் கடனும்

இப்போது முதற்கேள்விக்குத் திரும்பலாம். பொறுப்பு யாருடையது?

"அரசின் பொறுப்பு" என்பது எளிதில் வரும் விடை. அதில் உண்மை உண்டு. அனுமதி அளித்ததும், கால்வாயைக் காக்கத் தவறியதும், கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டதும் ஆட்சியமைப்புகளே. ஆயினும் அந்த விடையோடு நின்றுவிடுபவர், தம்மை வாக்காளராகவும் வரி செலுத்துபவராகவும் வீடு வாங்குபவராகவும் எண்ணிப் பார்க்க மறுக்கிறார்.

"கர்ம நியதிப்படி செய்தவனே பயனை அனுபவிக்கிறான், பிறர் வினை பிறரைச் சேராது" என்பது ஆன்மிக நாட்டமுடையவர் சிலர் கூறும் விடை. இது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒருவன் செய்த வினையின் குற்றம் இன்னொருவனுக்கு மாறாது என்பது உண்மையே. 1950இல் கால்வாயை மூடியவனின் பாவத்தை 2020இல் பிறந்த குழந்தையின் தலையில் சுமத்துவது தர்மமாகாது. ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செய்தவனைச் சேரும். கடன் அனுபவிப்பவனைச் சேரும். தந்தை வாங்கிய கடனில் எழுந்த வீட்டில் மகன் வாழ்கிறான். கடன் வாங்கியது அவன் குற்றமன்று. ஆனால் "வீடு எனக்கு, கடன் அப்பாவுக்கு" என்று அவன் சொன்னால், அந்தச் சொல் அவனுடைய வினை. அது இன்று, இப்பொழுது, அவன் வாயால் செய்யப்படுவது. அதன் பயன் அவனையே சேரும்.

மனிதன் கடன்களோடு பிறக்கிறான் என்று நம் மரபு கூறுவதன் கருத்து இதுவே. தேவர்களுக்கும், ரிஷிகளுக்கும், முன்னோருக்கும் பட்ட கடனை எந்தக் குழந்தையும் கேட்டு வாங்கவில்லை. பிறர் கொடுத்ததைப் பெற்று வாழ்வதாலேயே கடன் பிறக்கிறது. ஏரிப்படுகையின் மேல் ஓடும் பேருந்தில் ஏறி அலுவலகம் செல்பவர் குற்றவாளி அல்லர், கடனாளி. அவ்வேறுபாடு தெளிந்தால் மனத்தில் இரண்டு நன்மைகள் விளைகின்றன. வீணான குற்றவுணர்ச்சி நீங்குகிறது. பொறுப்பிலிருந்து நழுவும் சாக்கும் நீங்குகிறது.

ஓர் எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். "ஏரியும் மனிதன் கட்டியதுதான், பேருந்து நிலையமும் மனிதன் கட்டியதுதான். இரண்டும் பொதுநலத்துக்கானவை. காலத்துக்கேற்ப ஒன்று போய் இன்னொன்று வந்தால் அதில் அதர்மம் எங்கே?" இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏழைத் தொழிலாளிக்கு அந்தப் பேருந்து நிலையம் செய்யும் உதவி பெரிது. ஆனால் உத்ஸர்க்கத்தின் கருத்தை நினைவுகூர்ந்தால் இரண்டுக்குமுள்ள வேறுபாடு புலப்படும். ஏரி எல்லா உயிர்களுக்கும், இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. பேருந்து நிலையம் இன்றைய மனிதனுக்கு மட்டும் பயன்படுகிறது. மற்றவர் பங்கை எடுத்துக்கொண்டவன் அதை வேறொரு வடிவில் திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேராகும். ஓர் ஏரியின் இடத்தில் நிலையம் அமைத்த நகரம், அந்த ஏரி ஏந்தி வந்த மழையை வேறு எங்கே ஏந்துவது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். மாற்றம் அதர்மமன்று. எடுத்ததைத் திருப்பாமல் எடுத்துக்கொண்டே போவதுதான் அதர்மம்.

யார் தலையில் சுமை?

கடனை அடைக்கும்போது அதை யார் தலையில் வைப்பது என்பதும் அறக்கேள்வியே. 2016 ஆகஸ்டில், வெள்ளத்துக்குப் பின், பெங்களூரில் ராஜகாலுவையின் மேல் எழுந்த வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றுள் பல, முறையான பத்திரமும் வரி ரசீதும் வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கியவை. நகரங்கள் எங்கும் கால்வாயோரத்தில் குடிசை போட்டவர்கள் நகரில் வேறெங்கும் இடம் கிடைக்காத கூலித் தொழிலாளர்கள். கால்வாயை மறித்து இலாபம் கண்டவர் வேறு ஊரில் இருக்க, கடைசியாக அங்கே குடிவந்தவர் வீதிக்கு வந்தால், நீரின் வழி திறக்கலாம். நீதியின் வழி அடைபட்டுவிடும். தர்மம் ஒன்றைக் காக்க இன்னொன்றைக் கொல்லச் சொல்வதில்லை. மாற்று இடமும் இழப்பீடும் அளித்து வழியைத் திறப்பதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவே நகரம் முழுவதும் சேர்ந்து அடைக்க வேண்டிய கடன்.

பக்தி உடையவர்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விநாயகர் சதுர்த்தி முடிந்து ரசாயன வண்ணம் பூசிய பிம்பங்களை ஏரியில் கரைப்பது நீண்ட காலம் வழக்கமாயிருந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் வழிமுறைகள் வகுத்து, 2020இல் பாரிஸ் சாந்துப் பிம்பங்களைத் தவிர்க்குமாறு அவற்றைத் திருத்தியமைத்தது. களிமண்ணில் பிடித்து நீரில் கரைப்பதன் உட்பொருளே, மண்ணிலிருந்து வந்த உருவம் மண்ணுக்கே திரும்புகிறது என்பதுதான். கரையாத பொருளில் பிம்பம் செய்தபோது சடங்கு எஞ்சியது; அதன் பொருள் கரைந்துபோயிற்று. நீரைத் தீர்த்தம் என்று வணங்கிய கையே அதில் குப்பையை எறியுமானால், அந்த வணக்கம் எங்கே போய்ச் சேரும்?

மாறாக, பெங்களூரின் கரக விழா ஒரு நல்ல நினைவூட்டல். திகளர் சமூகத்தார் தர்மராயசுவாமி கோயிலில் நடத்தும் அவ்விழாவில், சம்பங்கி ஏரியின் எஞ்சிய சிறு குளத்துக்கு இன்றும் சென்று சடங்கு செய்கிறார்கள். ஏரி போய்விட்டது, அதன் பெயரால் ஒரு துளி நீராவது காக்கப்படுவதற்கு அந்த வழிபாடும் ஒரு காரணம். உண்மையான பக்தி எதையும் மறக்க விடுவதில்லை.

திருப்பிக் கொடுத்தல்

கடன் பெரிது, ஆனால் அடைக்க முடியாததன்று. சர்ஜாபூர் சாலையிலுள்ள கைகொண்டனஹள்ளி ஏரி, குப்பையும் கழிவும் நிறைந்த நிலையிலிருந்து, சுற்றுவட்டார மக்களும் மாநகராட்சியும் கைகோத்ததால் மீண்டது. ஜக்கூர் ஏரியில், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் கோரைப்புல் வளர்ந்த சதுப்பு வழியாகச் சென்று மேலும் தெளிந்து ஏரியை அடைகிறது. 2018 முதல் நகரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்குச் செலுத்தப்படுகிறது. அந்நீரின் தூய்மை போதுமா என்ற கேள்விகள் எழுந்துள்ளன. அவற்றுக்குப் பொறுப்பான விடை வேண்டும். ஆயினும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியிருப்பதே ஒரு தொடக்கம்.

தனி மனிதன் செய்யக்கூடியது சிறிதாகத் தோன்றலாம். தமிழகத்தில் 2003 முதலும் பெங்களூரில் 2009 முதலும் மழைநீர் சேகரிப்புச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதிகாரிக்குக் காட்டுவதற்காக ஒரு குழாயை நட்டு வைப்பதும், மழைக்கு முன் மாடியைப் பெருக்கி, வடிகட்டியைக் கழுவி, விழும் நீரை நிலத்துக்குள் அனுப்புவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றாகவே தோன்றலாம். தர்மத்தின் பார்வையில் முன்னது பொய். பின்னது பூத யக்ஞம். ஒரு வீட்டின் மாடியில் விழும் மழை ஏரியாகாது என்பது மெய்தான். ஏரியும் அப்படி விழுந்த துளிகளால்தான் நிறைந்தது. வாளிநீரைச் சிக்கனமாகச் செலவிடுதல், நுரை குறைந்த சலவைப்பொருளை வாங்குதல், தம் குடியிருப்பின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டறிதல், வீடு வாங்குமுன் பழைய வரைபடத்தில் அந்த இடம் என்னவாக இருந்தது என்று பார்த்தல், அருகிலுள்ள ஏரியைக் காப்பவர்களோடு மாதம் ஒரு காலைப்பொழுதைக் கழித்தல் — இவற்றுள் எதுவும் ஒரு குடும்பத்தலைவனுக்கோ குடும்பத்தலைவிக்கோ இயலாததன்று.

இவற்றைச் செய்பவர் நன்றியையோ புகழையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. கெம்பேகௌடர் காலத்தில் தர்மாம்புதியின் கரைக்கு மண் சுமந்தவர்களுள் ஒருவரின் பெயரும் இன்று தெரியாது. 300 ஆண்டுகளுக்கு மேல் அந்த நீரைக் குடித்தவர்களின் உடலில் அவர்கள் வாழ்ந்தார்கள். பலன் கருதாமல் செய்யும் செயல் எத்தகையது என்பதற்கு அதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஒக்கலிபுரத்திலிருந்து புறப்பட்டு மெஜஸ்டிக்கில் பேருந்துக்காகக் காத்திருக்கும் அந்த மனிதர், மழை பெய்யத் தொடங்கும் ஒரு மாலையில், தம் காலடியில் ஓடும் நீர் எதைத் தேடி ஓடுகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். அது தன் பழைய வீட்டைத் தேடுகிறது. அந்த வீடு இனி அங்கே திரும்பி வராது. ஆனால் அந்த நீருக்கு ஓர் இடம் அவருடைய வீட்டு வாசலில் இருக்க முடியும். அவ்வளவு இடம் கொடுக்க அவர் மனம் இசைந்த அன்று, வற்றிய அறக்கடலில் முதல் துளி விழுகிறது.